ஊசி போட்ட கோழிக்கும் சீக்கு வருவது ஏன்?

'போன மாசம்தானே ஊசி போட்டோம்... அப்புறமும் கோழி ஏன் சுருண்டு விழுது?' கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூர் போன்ற ஊர்களில், கொல்லையில் மேயும் பத்து நாட்டுக்கோழி என்பது அவசரத்துக்குக் கைகொடுக்கும் உண்டியல். நோய் வந்தால் ஒரே வாரத்தில் உண்டியல் காலி. அந்தக் கோபத்தில் பலர் எடுக்கும் முடிவு: 'இனி ஊசியே வேண்டாம்!' அங்கேதான் சிக்கல் பெரிதாகிறது.

வெள்ளைக்கழிச்சல் என்ற பழைய எதிரி

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து திருகிக்கொள்ளுதல். இவை ராணிகேத் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயின் அடையாளங்கள். 1926-ல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட நோய் இது. உலகம் இதை 'நியூகாசில் நோய்' என்கிறது. இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிகேத்தில் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கண்டறியப்பட்டதால், நமக்கு அந்த ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படும் தடுப்பூசிகளில் ஒன்று 'லசோட்டா'. 1940-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி பண்ணை ஒன்றில் கிடைத்த வீரியம் குறைந்த வைரஸ்தான் அதன் மூலம். ஆனால், வைரஸ் தன்னை நகலெடுக்கும்போதெல்லாம் சிறு எழுத்துப் பிழைகள் விழும். அந்தப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து, இன்று இந்தியாவில் சுற்றும் வைரஸ்களின் மரபு வகை லசோட்டாவிலிருந்து விலகி நிற்கிறது.

அப்படியானால் ஊசி வீணா? இல்லை. சரியாகப் போட்டால், அது கோழியைச் சாவிலிருந்து பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால், வைரஸ் தொண்டைக்குள் நுழைவதை முழுதாகத் தடுக்காது. நன்றாக இருப்பதுபோல் தெரியும் கோழிகூட சில நாள்கள் எச்சத்திலும் மூச்சிலும் வைரஸை வெளியே விடலாம். அதில் பலியாவது, ஊசி போடாத பக்கத்து வீட்டுக் கோழி.

கோழிக்கும் ஒரு கொரோனா!

நமக்கு 2020-ல் அறிமுகமான கொரோனா குடும்பத்தில், கோழிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் உண்டு. அது தரும் மூச்சுக்குழல் அழற்சி நோய், 1931-லேயே அமெரிக்காவில் பதிவானது. இது மனிதருக்குத் தொற்றாது.

ராணிகேத்தைவிட இது பெரிய தந்திரசாலி. மேலே இருக்கும் முள் புரதம் கொஞ்சம் மாறினாலே, பழைய தடுப்பூசி தரும் பாதுகாப்பு குறைந்துவிடும். மூச்சோடு நிற்காமல் சிறுநீரகத்தைத் தாக்கும், அதுவரை அறியப்படாத மரபு வகை ஒன்று இந்தியாவில் இருப்பதை 2005-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பண்ணைக் கோழிகளின் மாதிரியைச் சோதித்ததால்தான் அது தெரியவந்தது.

எல்லாப் பழியும் வைரஸுக்கா?

இல்லை. பல நேரம் ஊசி தோற்பது நம் கையில்தான்.

* தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் சட்டைப் பையில் வந்தால் மருந்து செத்துவிடும். ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுவாருங்கள்.
* குடிநீரில் கலப்பதானால் குளோரின் கலந்த தண்ணீர் கூடாது.
* ஏற்கெனவே நோய்வாய்ப்பட்ட கோழிக்குப் போட்டுப் பயனில்லை.
* குஞ்சுக்கு முதல் வாரத்தில் போடும் சொட்டு மருந்தோடு நிறுத்தக் கூடாது. எட்டு வாரத்துக்குப் பிறகு இறக்கைத் தோலுக்கடியில் போடும் ஊசியும் அவசியம்.
* சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடையுங்கள்.

கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதங்களில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. தெருவில் பாதி வீடு போட்டு, பாதி வீடு விட்டால், வைரஸுக்குச் சுற்றிவர வழி கிடைத்துவிடும்.

செத்த கோழியை என்ன செய்வது?

ஏரியிலோ குப்பையிலோ வீசாதீர்கள். சீக்குக் கோழியை அவசரமாக விற்கவும் வேண்டாம். அது நோயை அடுத்த ஊருக்கு அனுப்பும் வேலை. ஊசி போட்டும் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். அவர்கள் மாதிரி எடுத்த பிறகு, குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ராணிகேத் வைரஸ் கையாள்பவரின் கண்ணைச் சிவக்க வைக்கலாம் என்பதால், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வைரஸ் எப்படி மாறியிருக்கிறது, எந்த ஊசி இனி பலிக்கும் என்பதை ஆய்வகம் அந்தக் கோழியிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். சொல்லாமல் புதைத்தால் அந்தத் தகவலும் மண்ணுக்குள் போய்விடும்.