அடுப்படித் தரைக்கு ஒரு கோடை வேலை

கோடை விடுமுறை வந்தால் மலை ஏறும் வழக்கம் நம்மிடையே பழையது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் கட்டிய முதல் இரண்டு வீடுகளே, 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து வந்து கட்டியவைதான். அன்றிலிருந்து அங்கே சபைகளுக்குச் சொந்தமான விடுதிகள் பல. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் முகாம் நடக்கும். பாட்டு, விளையாட்டு, வேதபாடம் எல்லாம் இருக்கும். ஆனால், முகாமை உண்மையில் தாங்கி நிற்பது பின்கட்டில் இருக்கும் சமையல்கட்டுதான்!

அப்படி ஒரு விடுதியின் சமையல்கட்டுத் தரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கல்யாண மண்டபம், பள்ளி விடுதி என்று நாலு பேருக்குச் சமைக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஏன், நம் வீட்டுக்கும்தான்.

முப்பது அடிக்கு இருபது அடி சமையல்கட்டு. சிவப்பு ஆக்ஸைடு போட்டு வழவழவென்று தேய்த்த பழைய சிமெண்ட் தரை. புதிதில் கண்ணாடி மாதிரி இருந்ததாம். இப்போது பாத்திரம் கழுவும் மூலையில் குழி குழியாக அரித்து, அதில் தண்ணீர் தேங்கி நின்றது. சும்மா அரிக்கவில்லை. புளித்தண்ணீர், மோர், எலுமிச்சைச்சாறு எல்லாமே புளிப்பு. புளிப்பு பட்டால் சிமெண்ட் கரையும். போதாக்குறைக்கு, கறை போகட்டும் என்று மாதம் ஒரு தரம் ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள்.

நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்றால் பன்னிரண்டு கிலோ அரிசிக்குக் குறையாது. சாம்பார் அண்டாவை இரண்டு பேர் பிடித்துத் தூக்குவார்கள். அதில் ஒருவர் பின்பக்கமாக நடந்தாக வேண்டும். போன முகாமில் அப்படி நடந்தவர் ஈரத்தில் வழுக்கி விழ, கொதிக்கிற சாம்பார் முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. யாரோ ஓடிவந்து பற்பசையை அப்பப் போயிருக்கிறார்கள். நல்லவேளை, முகாமுக்கு வந்திருந்த ஒரு நர்ஸம்மா தடுத்து, குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டு, வீங்குவதற்குள் கால் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தீப்புண்ணுக்கு முதல் வைத்தியம் ஓடும் தண்ணீர்தான். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தையும் உடைக்கக் கூடாது.

இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாமல் இருந்த அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "வழுக்கும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்க்கா. வருஷா வருஷம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம். விழுந்தப்பறம்தான் காதுல விழுந்துச்சு."

தரையை மாற்றுவது என்று கமிட்டி முடிவு செய்தது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று வெள்ளைப் பளபளப்பு டைல்ஸைத் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தார் விடவில்லை. மாதிரி டைல்ஸை வாங்கி வந்து திண்ணையில் வைத்து, கொஞ்சம் கஞ்சியும் இரண்டு சொட்டு எண்ணெயும் ஊற்றி, "ஐயா, நீங்களே வெறுங்காலோட ஏறி நின்னு பாருங்க" என்றார்களாம். செயலாளர் ஏறினார், உடனே பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது!

சரி, பிறகு எதைப் போடுவது?

கடப்பைக் கல் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அது சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு ஆகாது. சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுக் கடப்பைக் கல் மேடையின் ஓர் ஓரத்தில் எலுமிச்சைச்சாறு ஒரு சொட்டு விட்டு, அரைமணி கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு போய்த் தடம் தெரியும். மொசைக்கில் இருக்கும் சலவைக்கல் துணுக்குகளுக்கும் இதே கதிதான். சொரசொரப்பான கிரானைட் உத்தமம். ஆனால் மலைக்கு ஏற்றும் லாரிக் கூலியைக் கேட்டதும் மயக்கம் வந்துவிட்டது. கடைசியில், தண்ணீரை அநேகமாக உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸிலேயே சொரசொரப்பான ரகத்தை, ஓரடிக்கு ஓரடி அளவில் எடுத்தார்கள். அறுநூறு சதுர அடிக்கு அறுநூறு டைல்ஸ். வெட்டிலும் உடைசலிலும் போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து அறுநூற்று அறுபது.

"பெரிய டைல்ஸா போட்டா இணைப்பு கம்மி, அழுக்கு சேராது" என்று மேஸ்திரி வாதாடினார். அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் தண்ணீர் ஓட வாட்டம் கொடுக்க வேண்டிய தரையில் பெரிய டைல்ஸ் படிந்து உட்காராது. சின்ன டைல்ஸ் சரிவோடு வளைந்து கொடுக்கும். இணைப்புகள் காலுக்குப் பிடிமானமாகவும் இருக்கும். அந்த இணைப்புகளில் சாதாரண சிமெண்டை நிரப்பினால் மறுபடி புளிப்பு தின்றுவிடும் என்பதால் எபாக்ஸி நிரப்பினார்கள். இது விலை கூடுதல். இரண்டு பாகங்களைக் கலந்ததும் கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். டைல்ஸின் மேல் வழிந்ததை அப்போதைக்கப்போது ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் அந்த சொரசொரப்பு எல்லாம் மூடிப்போய்ப் பழையபடி வழுக்கும்.

டைல்ஸைவிட முக்கியம் வாட்டம். என்னைக் கேட்டால் பாதிப் பணத்தை அங்கே செலவழிக்கலாம் என்பேன். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். பழைய தரையில் தண்ணீர் போகும் ஓட்டை ஒரு மூலையில் இருந்தது. எவ்வளவு தள்ளினாலும் பாதி வழியில் நின்றுவிடும். இருபது அடிக்கும் ஒரே பக்கமாகச் சரித்தால் மூன்று அங்குலம் உயர வேண்டும், வாசற்படி இடிக்கும். ஆகவே அறையின் நடுவில் நீளவாக்கில் ஒரு கால்வாய் எடுத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து அடி சரித்தார்கள். கால்வாயின் மேல் கையால் தூக்கிக் கழுவக்கூடிய கம்பி மூடி. முடிவில் நஹானி ட்ராப், எலி நுழையாமல் வலை. வெளியே எண்ணெய்ப் பிசுக்கு தங்க ஒரு சின்னத் தொட்டி. சுவர் ஓரங்களைக் கூர்மூலையாக விடாமல் வளைத்துப் பூசியதால், துடைப்பத்துக்கு எட்டாத அழுக்கு என்று எதுவும் இல்லை.

சண்டை வந்தது நாட்கணக்கில்தான். பழைய தரையைக் கொத்தி அள்ள இரண்டு நாள், கால்வாய்க்கு இரண்டு, கான்கிரீட் போட ஒன்று, தண்ணீர் கட்டி வைக்க ஏழு, டைல்ஸ் பதிக்க மூன்று, காய ஒன்று, இணைப்பு நிரப்ப ஒன்று, அது இறுக மூன்று. ஆக இருபது நாள். முகாமுக்கு இருந்ததும் சரியாக இருபதே நாள்தான். நடுவில் புனித வெள்ளியும் ஈஸ்டரும் வந்து மூன்று நாளை விழுங்கிவிட்டன.

"தண்ணி கட்டறதை நாலு நாளா குறைச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றார் மேஸ்திரி.

தலைமைச் சமையல்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மலைக் குளிர்ல சிமெண்டு மெதுவாத்தான் இறுகும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? ஏழு நாளும் தண்ணி நிக்கணும். முதல் மூணு நாளு நாங்க வெளியில கொட்டாய் போட்டுச் சமைச்சுக்கிறோம். மழை வந்தாலும் பரவாயில்லை."

மழை வந்தது! தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டே பொங்கலும் கொத்சும் இறக்கினார்களாம். பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா.

புதுத் தரையில் நானும் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். மேஸ்திரி வேலை சுத்தமா என்று பார்க்க, ஒரு ரூபாய் நாணயத்தால் அங்கங்கே தட்டினேன். அடியில் கலவை நிறையாத டைல்ஸ் 'டொக்'கென்று பொள்ளலாக ஒலிக்கும். அண்டா விழுந்தால் முதலில் உடைவதும் அதுதான். இங்கே நாலு அகப்பட்டது. மாற்றித் தரச் சொல்லிவிட்டார்கள்.

செருப்பு விஷயத்தில்தான் இன்னும் இழுபறி. ரப்பர் அடிப்பாகம் உள்ள, குதிகாலை மூடிய செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "அடுப்புகிட்ட செருப்போட போறதாக்கா?" என்று வயதானவர்களுக்குக் கூச்சம். சமையல்கட்டுக்கு மட்டும் என்று தனியாக வைத்து, வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி, இப்போது பாதிப்பேர் போடுகிறார்கள்.

கழுவும் முறையையும் கேட்டுக்கொண்டு வந்தேன். இரவு பெருக்கியதும் வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, நீளக் கைப்பிடி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலசுகிறார்கள். சோப்பு மிஞ்சினால் அதுவே வழுக்கும். ஆசிட் அடியோடு நிறுத்தம். பிளீச்சிங் பவுடர் போடுவது வாரம் ஒரு நாள், தனியாக. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். நம் வீட்டுக் குளியலறையிலும் இந்த இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.