ஒரே கார்டில் இரண்டு பிராசசர்: 500 வாட் வெப்பம் வெளியேறுவது எப்படி?

ஏஎம்டி நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிமுகப்படுத்திய 'ரேடியான் ஆர்9 295எக்ஸ்2' கிராபிக்ஸ் கார்டின் மின் அளவு 500 வாட். நூறு வாட் குண்டு பல்புகள் ஐந்தை ஒரே நேரத்தில் எரிப்பதற்கு இது சமம். கிராபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறிவிடும். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமும் இரண்டு ஸ்லாட் தடிமனும் கொண்ட ஒரு கார்டிலிருந்து அவ்வளவு வெப்பத்தையும் இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். 1,499 டாலருக்கு விற்கப்பட்ட அந்தக் கார்டின் வடிவமைப்பைத் தீர்மானித்தது இந்தத் தேவைதான்.

அதிலுள்ள இரண்டு பிராசசர்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றின் பரப்பளவு 438 சதுர மில்லிமீட்டர். அதாவது, பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஒரு சதுரம். அதற்குள் சுமார் 620 கோடி டிரான்சிஸ்டர்கள். இதே பிராசசர் ஒன்றை மட்டும் கொண்டு 2013இல் வெளியான 'ஆர்9 290எக்ஸ்' கார்டே 95 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. அதன் மின்விசிறி எழுப்பிய இரைச்சலும் விமர்சனத்துக்கு உள்ளானது. அப்படிப்பட்ட இரண்டை ஒரே பலகையில் பொருத்தி, அதே மின்விசிறியை நம்பியிருக்க வழியில்லை.

காற்றின் எல்லை

சாதாரண கார்டுகள் பலவற்றில் ஒரு முனையில் மின்விசிறி இருக்கும். அது தள்ளும் காற்று உலோகத் தகடுகளின் வழியாகச் சென்று, கணினியின் பின்புறமாக வெளியேறும். இரண்டு பிராசசர்களை வரிசையாக வைத்தால் இந்த ஏற்பாடு பயன் தராது. முதலாவதைக் கடந்த காற்று ஏற்கெனவே சூடாகித்தான் இரண்டாவதை அடையும்.

என்விடியா நிறுவனம் 2012 மே மாதம் 999 டாலர் விலையில் வெளியிட்ட 'ஜிடிஎக்ஸ் 690' இதற்கு வேறு வழி கண்டது. மின்விசிறியை நடுவில் வைத்து, காற்றை இருபுறமும் பிரித்து அனுப்பியது. ஒவ்வொரு பிராசசரின் மீதும் தட்டையான உலோக அறை ஒன்று பொருத்தப்பட்டது. அதனுள் இருக்கும் சிறிதளவு திரவம், சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மீண்டும் திரவமாகி வெப்பத்தைப் பரப்பும். 300 வாட் அளவுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் சூடான காற்றில் ஒரு பகுதி மட்டுமே வெளியே சென்றது. மறுபகுதி கேபினட்டுக்குள்ளேயே கொட்டப்பட்டது. அந்த வெப்பத்தை வெளியேற்றும் பொறுப்பு கேபினட்டின் மின்விசிறிகள் மீது விழுந்தது.

குழாய் வழியே

500 வாட் என்ற நிலையில், ஏஎம்டி திரவக் குளிரூட்டலை நாடியது. அமைப்பை வழங்கியது டென்மார்க்கைச் சேர்ந்த அசெடெக் நிறுவனம். இரண்டு பிராசசர்களின் மீதும் செம்புத் தகடும் சிறு பம்பும் உள்ளன. தகட்டில் சூடேறும் திரவம் ரப்பர் குழாய்கள் வழியே, கேபினட்டின் சுவரில் பொருத்தப்படும் 120 மில்லிமீட்டர் ரேடியேட்டரைச் சென்றடைகிறது. அங்குள்ள மின்விசிறி அதைக் குளிர்விக்க, திரவம் மீண்டும் கார்டுக்குத் திரும்புகிறது. தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்ட அமைப்பு என்பதால், பயன்படுத்துபவர் திரவம் ஊற்ற வேண்டியதில்லை.

கார்டின் நடுவிலும் ஒரு மின்விசிறி உண்டு. அதை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகங்களும் கணிசமாகச் சூடேறுபவை. அவற்றைக் குளிர்விக்கும் வேலை அதனுடையது. இவ்வளவு ஏற்பாட்டின் பலனாக, பிராசசர்களின் வெப்ப வரம்பு 95இலிருந்து 75 டிகிரியாகக் குறைக்கப்பட்டது.

ரேடியேட்டர் எத்தனை சிறந்ததாக இருந்தாலும், அறை வெப்பநிலைக்குக் கீழே திரவத்தைக் குளிர்விக்க முடியாது. அறை 25 டிகிரியில் இருந்தால், 75 டிகிரி வரம்புக்கு 50 டிகிரி இடைவெளி கிடைக்கும். கோடையில் குளிர்சாதனம் இல்லாத ஓர் இந்திய வீட்டில் அறை 38 டிகிரியைத் தொட்டால், அந்த இடைவெளி 37 ஆகிவிடும். வெளியேற்றக்கூடிய வெப்பமும் ஏறத்தாழ அதே விகிதத்தில், அதாவது கால் பங்கு, குறையும். வரம்பை எட்டினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மின் இணைப்பும் எளிதாக இல்லை. விதிமுறைப்படி மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்டும், இரண்டு 8 பின் இணைப்புகள் தலா 150 வாட்டும் தரலாம், மொத்தம் 375. இந்தக் கார்டு அந்த வரம்பை வெளிப்படையாகவே மீறியது. எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் 28 ஆம்பியர் தரவல்ல எஸ்எம்பிஎஸ் தேவை என ஏஎம்டி அறிவுறுத்தியது.

அடுத்த மாதமே வெளியான என்விடியாவின் 'டைட்டன் இசட்' காற்றையே நம்பியது. அது மூன்று ஸ்லாட் இடத்தைப் பிடித்தது. 375 வாட்டுக்குள் அடங்குவதற்காகப் பிராசசர்களின் வேகத்தையும் குறைத்துக்கொண்டது. விலையோ 2,999 டாலர், ஏஎம்டி கார்டைப் போல இரு மடங்கு.

மறைந்த வகை

இத்தகைய கார்டுகளை ஓரங்கட்டியதில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. பெட்டியில் 8 ஜிபி நினைவகம் என அச்சிட்டிருந்தாலும், இரண்டு பிராசசர்களும் ஒரே தரவைத் தனித்தனியே வைத்துக்கொள்வதால் விளையாட்டுக்குக் கிடைப்பது 4 ஜிபிதான். இரண்டையும் சேர்த்து இயக்க ஒவ்வொரு விளையாட்டிலும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. அது இல்லாதபோது இரண்டாவது பிராசசர் சும்மா இருந்தது.

வெப்பப் பிரச்சினை மட்டும் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த என்விடியாவின் 'ஆர்டிஎக்ஸ் 5090' கார்டில் பிராசசர் ஒன்றே. மின் அளவு 575 வாட். என்விடியா தானே தயாரித்த பதிப்பு, பலகையைச் சுருக்கி நடுவில் வைத்து, இரு பக்கங்களிலும் மின்விசிறிக் காற்று தகடுகளை ஊடுருவிச் செல்ல வழி விட்டிருக்கிறது. ரேடியேட்டரும் குழாய்களும் இல்லாமல், இரண்டு ஸ்லாட் இடத்திலேயே அது அடங்கிவிடுகிறது. எனினும், வெளியேறும் சூடான காற்று இப்போதும் கேபினட்டுக்குள்தான் செல்கிறது.