வேம்பும் காப்பும்

எழுவான்கரை ஊர்களில் வேம்பு நில்லாத வளவைக் காண்பது அரிது. களுவாஞ்சிக்குடியில் வாழும் எமக்கு அதன் நிழலும் காற்றும் நாள்தோறும் பழகியவை. பழகிய பொருளின் பெருமை எளிதிற் புலப்படுவதில்லை. ஆதலால் வேப்பங்குழையின் கதையைச் சங்கச் சான்றோரிடமிருந்தே தொடங்குவோம்.

போந்தை, வேம்பு, ஆர் என்பன மூவேந்தர்க்குரிய பூக்கள் எனத் தொல்காப்பியம் வகுக்கும். வேம்பு பாண்டியனுக்கு உரியது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வேம்பின் தளிர் சூடிக் களம் புகுந்ததை இடைக்குன்றூர் கிழார் பாடினார். அஃது வேந்தனின் வேம்பு. வீட்டு வேம்பை அறிய விரும்புவோர் அரிசில் கிழார் பாடிய புறநானூற்று 281 ஆம் பாட்டைக் காண வேண்டும்.

போரிற் புண்பட்ட வீரன் மனையிற் கிடக்கின்றான். இரவமர இலையோடு வேப்பிலையையும் மனையிற் செருகுகின்றனர். யாழ் இசைக்கின்றது, வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, ஆம்பற்குழலும் மணியும் ஒலிக்கின்றன, காஞ்சிப் பண்ணும் நறும்புகையும் எழுகின்றன. இவையெல்லாம் எதன் பொருட்டு? அவன் புண்ணைக் ‘காத்தற்’ பொருட்டு. புலவர் ஆளும் சொல் அதுவே. வெள்ளைமாளர் பாடிய 296 ஆம் பாட்டிலும் வேப்பங்கொம்பு ஒடித்தலும் ஐயவி புகைத்தலும் வருகின்றன.

இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போது என் மாணவர்க்கு நான் நெடிது விளக்க நேர்ந்ததில்லை. சின்னமுத்தோ கொப்புளிப்பானோ கண்டால் அதனை நம்மவர் ‘அம்மாள் வருத்தம்’ என்பர். வாசலில் வேப்பங்குழை தொங்கும். அதைக் கண்டவர் படலையிலேயே நின்று நலம் கேட்டுத் திரும்புவர். உள்ளே வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பி, பிள்ளையைக் கிடத்துவர். மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வாரா. அடுப்பிலே பொரியலும் தாளிதமும் இல்லை. உடல் தினவெடுத்தால் நகம் படாமற் குழையால் வருடுவர். நோய் தணிந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீர் வார்ப்பர். நோய் தொற்றாமைக்கு வேலி, நோயாளிக்கு ஆறுதல், அயலார்க்கு அறிவிப்பு ஆகிய மூன்று பணிகளையும் ஒரு குழை செய்து முடிக்கின்றது.

நாவூறு பட்டதென்று அழும் குழந்தைக்கும், பயந்து காய்ச்சல் கண்டவனுக்கும் வேப்பங்குழையால் தடவிப் பார்வை பார்ப்போர் இன்றும் உளர். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பர் என்று பிறவூரார் பேசும் மந்திரப் புகழுக்கு நடுவே, குழையும் தண்ணீருமாகிய இவ்வெளிய முறையே இங்குப் பெருவழக்கு.

நிற்க. இலக்கியம் பயில்வோர் எண்ணி மகிழத்தக்க ஒன்று ஈண்டு உண்டு. பாண்டியனின் நீதி பிழைத்ததால் மதுரையை எரித்தவள் கண்ணகி. அவளுக்கு வைகாசியிலே செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிற் சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். நிறைவாகக் குளிர்த்தி நடைபெறும். கட்டாடியார் வேப்பங்குழையால் நீர் தெளிப்பார். பாண்டியன் சூடிய வேம்பே, அவன் நகரை எரித்தவளின் வெம்மையைத் தணிக்க வந்து நிற்கின்றது! வெற்றியின் அடையாளம் தணிவின் அடையாளமாயிற்று. இம்மாற்றத்தை நிகழ்த்தியோர் புலவரல்லர், பொதுமக்கள்.

கசப்பையும் உணவாக்கியோர் நம் பெண்டிர். உதிர்ந்த பூவைப் பொறுக்கி, உழுந்தும் மிளகாயும் சேர்த்து வடகமாக்கி வெயிலில் உலர்த்தி வைப்பர். தமிழகத்தார் இரசம் வைப்பர். சித்திரைப் பிறப்பில் வெல்லம் கூட்டிப் பச்சடி செய்வர். குறுந்தொகையில் மிளைக்கந்தனார் காட்டும் தலைவனுக்கோ, காதலி தந்த வேப்பங்காயும் ஒருகாலத்துக் கற்கண்டாய் இருந்தது! நெல்லிலும் பயற்றிலும் வண்டு விழாதிருக்க உலர்ந்த இலையை இட்டு வைத்த முன்னோரின் அறிவுக்கு 1968 இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பூச்சியெதிர்ப்புப் பொருள் சான்றாயிற்று.

எனினும் வேம்பினால் ஆகாததையும் ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததென 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனை ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலையன்று. சின்னமுத்தைத் தடுப்பதும் ஊசியே. வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகள் வலிப்பும் உணர்விழப்பும் உற்றதை மலேசிய மருத்துவர்கள் 1981 இல் எடுத்தெழுதினர். ஆகவே குழந்தைகளுக்கு அவ்வெண்ணெயைப் புகட்டலாகாது. வாசலிற் குழை கட்டியாயிற்றென்று, மூச்சு வாங்கும் பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லாதிருப்பது அம்மனுக்கும் உவப்பாகாது.

ஆயின் ஊசி வந்ததென்று குழையை எறிந்துவிடவும் வேண்டா. மருந்து வைத்தியர் தருவது. காப்பு வீட்டார் தருவது. புண்பட்டவன் தனித்துக் கிடவாதபடி பண்ணும் புகையும் பரிவுமாகச் சூழ்ந்து நின்றனரே, அச்செயலே அரிசில் கிழார் பாட்டின் உயிர். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் நம் வாசலிற் குழையாகத் தொங்குவது அந்தப் பரிவு. மாணவர்கள் தத்தம் பாட்டிமாரிடம் இவ்வழக்கங்களைக் கேட்டு எழுதி வைப்பார்களாக. புறநானூற்றுக்கு இனிய உரையொன்று அவர்கள் வீட்டுத் திண்ணையிலே இருக்கின்றது.