ஷோகேஸ் எவ்வளவு உயரம்? முடிவு பண்றது ஒரு டெம்ப்ளேட் ஃபைல்!

மியூசியத்துக்குக் குழந்தையோட போயிருக்கீங்களா? முதல் ரெண்டு ஷோகேஸை எட்டி எட்டிப் பார்க்கும். மூணாவது வர்றப்பவே 'தூக்கு'ன்னு கையை நீட்டிடும். அப்புறம் இடுப்புல வெச்சுக்கிட்டே சுத்த வேண்டியதுதான். சரி, குழந்தையைத் தூக்கிடலாம். சக்கர நாற்காலியில் வந்திருக்கும் பாட்டியை என்ன செய்வது? பல கூடங்களில் அவர் கண் முன்னால் இருப்பது ஷோகேஸின் மரப்பலகை மட்டும்தான். உள்ளே இருக்கும் பொருள் அவர் பார்வைக்கு மேலே எங்கேயோ இருக்கும்.

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. அந்தக் கூடத்தை கம்ப்யூட்டரில் வரைந்தபோது சுவர் இருந்தது, ஷோகேஸ் இருந்தது, விளக்கு இருந்தது. பார்க்கிற ஆள் மட்டும் அந்த ஃபைலில் இல்லை. அவரை உள்ளே கொண்டுவரும் இடம்தான் 'டெம்ப்ளேட்'. இன்டீரியர் டிசைன், ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு மியூசியம் வேலைகளில் இறங்குகிறவர்கள், முதல் கோடு போடும் முன் ஒரு வாரம் ஒதுக்க வேண்டிய விஷயம் இது.

ஆட்டோகேடில் புது டிராயிங் திறக்கும்போது அது ஒரு டெம்ப்ளேட் ஃபைலில் இருந்துதான் தொடங்கும். அளவு அலகு, லேயர்கள், எழுத்தின் உயரம், அளவுக்கோடுகளின் பாணி, தாளின் ஓரத்தில் வரும் தலைப்புக் கட்டம் எல்லாமே அதில் முன்கூட்டியே இருக்கும். வீட்டுக்கு ஒரு பிளான் போடும்போது இது இல்லாமலும் சமாளிக்கலாம். மியூசியத்தில் சமாளிக்க முடியாது. காரணம், ஒரே ஷோகேஸின் டிராயிங் தச்சருக்குப் போகும், கண்ணாடிக்காரருக்குப் போகும், எலெக்ட்ரீஷியனுக்கு, தகவல் பலகை அச்சடிப்பவருக்கு, சிலையைத் தாங்கும் பித்தளைக் கொக்கியைச் செய்பவருக்கு எல்லாம் போகும். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. அவர்களுக்குள் இருக்கும் ஒரே பேச்சுவார்த்தை அந்தத் தாள்தான்.

முதலில் அலகு. மில்லிமீட்டர் என்று முடிவு செய்தால் எல்லா ஃபைலும் மில்லிமீட்டர்தான். யாரோ ஒருவர் இன்ச்சில் வரைந்த 48 இன்ச் ஷோகேஸை, அலகு சொல்லாமல் உங்கள் ஃபைலுக்குள் இழுத்துப் போட்டால் அது 48 மில்லிமீட்டராக வந்து நிற்கும். கிட்டத்தட்ட தீப்பெட்டி சைஸ். 1984-ல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' படத்தில் ஒரு காமெடி உண்டு. மேடைக்கு 18 அடி கல் தூண் கேட்பார்கள். குறிப்பில் அடிக்குப் பதில் இன்ச் குறி விழுந்திருக்கும், 18 இன்ச் தூண் வந்து இறங்கும். படத்தில் சிரிக்கலாம். கண்ணாடி ஆர்டர் கொடுத்த பிறகு சிரிப்பு வராது.

அடுத்து அளவு விகிதம். கூடத்தின் தரைப்படம் 1:50, ஷோகேஸின் முகப்பு 1:20, மூட்டு விவரம் 1:5, கொக்கி 1:1 என்று ஒரே தொகுப்பில் பல விகிதங்கள் வரும். வரைவது எப்போதும் நிஜ அளவில். சுருக்குவது தாளில் வைக்கும்போது. சிக்கல் எழுத்தில்தான். அச்சில் 2.5 மி.மீ. உயரத்தில் எழுத்து தெரிய வேண்டுமென்றால் 1:20 படத்தில் அதை 50 மி.மீ. உயரமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாதீங்க. 'அனோடேட்டிவ்' எழுத்துப் பாணியை டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிட்டால், விகிதத்துக்கு ஏற்ப அதுவே மாறிக்கொள்ளும்.

லேயர் பெயர்களில்தான் அலுவலகச் சண்டைகள் நடக்கும். அமெரிக்காவின் தேசிய கேட் ஸ்டாண்டர்டில் கட்டடக்கலைக்கு 'ஏ', மின்சாரத்துக்கு 'இ', கட்டமைப்புக்கு 'எஸ்' என்று பெயரின் முதல் எழுத்தே துறையைச் சொல்லிவிடும். அந்த முறையை எடுத்துக்கொண்டு, ஷோகேஸ், கண்ணாடி, காட்சிப்பொருள், கொக்கி, தகவல் பலகை, விளக்கு, திரை என்று உங்கள் தேவைக்கானதைச் சேர்த்தால் போதும். 15, 20 லேயர் தாராளம். நூறு லேயர் வைத்த டெம்ப்ளேட்டை யாரும் மதிப்பதில்லை. அவசரத்தில் எல்லாவற்றையும் 'ஜீரோ' லேயரில் வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஃபைலுக்குள் ஒரு பாட்டி

இப்போது அந்தப் பாட்டிக்கு வருவோம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன், தன் கண்காட்சிகளை எல்லோரும் அணுகும்படி வடிவமைக்க ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. அதில் இருப்பது தத்துவம் இல்லை, எண்கள். ஷோகேஸில் வைக்கும் சிறிய பொருளின் மையம் தரையிலிருந்து 1,015 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சுவரில் மாட்டும் தகவல் பலகையின் மையக்கோடு 1,370 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்த பெரியவரின் கண் மட்டம் ஏறத்தாழ 1,090 முதல் 1,295 மி.மீ. வரை என்று அமெரிக்க அணுகல் விதிகள் கணக்கிடுகின்றன. நாற்காலி முழுதாகத் திரும்ப 1,525 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கான கணக்கு இன்னும் நுட்பமானது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வருபவருக்கு, தரையிலிருந்து 685 மி.மீ.க்குக் கீழே இருக்கும் தடை கோலில் பட்டுவிடும். அதற்கு மேலே, 2,030 மி.மீ. வரை சுவரிலிருந்து எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அது நேராக உடம்பிலோ முகத்திலோதான் இடிக்கும். அதனால் அந்த இடைவெளியில் சுவரிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் எதுவும் நீட்டக் கூடாது. அழகாக மிதப்பது போல் மாட்டப்பட்ட ஷோகேஸ்கள் பலவும் மாட்டிக்கொள்ளும் விதி இது.

இதையெல்லாம் ஒரு பிடிஎஃப்-ல் வைத்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். டெம்ப்ளேட்டில் வையுங்க. முகப்புப் படத்துக்கான தாளில் 685, 1,015, 1,370, 2,030 உயரங்களில் கோடுகள், அச்சாகாத ஒரு லேயரில். கூடவே மூன்று மனித உருவங்கள்: நிற்கும் பெரியவர், நாற்காலியில் இருப்பவர், ஆறு வயதுக் குழந்தை. தரைப்படத்துக்கு அந்த 1,525 வட்டம் ஒரு பிளாக்காக. அப்புறம் பாருங்க, பொருளை உயரத்தில் வைக்கப்போகும் டிசைனர், அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். தாண்டக் கூடாதுன்னு இல்லை. எட்டடிச் சிலை தாண்டத்தான் செய்யும். ஆனால் தெரிந்தே தாண்டுவார்.

இந்த எண்கள் அமெரிக்க உடல்வாகுக்கானவை என்பதையும் மறக்க வேண்டாம். நம்மூரில் வேலை செய்பவர்கள் மத்திய அரசின் 2021-ம் ஆண்டு அணுகல் வழிகாட்டு நெறிகளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கண் மட்டத்தைப் பொறுத்தவரை இன்னும் கொஞ்சம் இறக்கி வைப்பதே நல்லது என்பது என் கட்சி.

பொருளுக்கும் ஓர் அடையாள அட்டை

காட்சிப்பொருளைக் குறிக்கும் பிளாக்கை வெறும் கட்டமாக வைக்காமல், உள்ளே தகவல் நிரப்பும் இடங்களோடு வையுங்க. மியூசியத்தின் பதிவு எண், உயரம், எடை, ஒளி வரம்பு. கடைசியாகச் சொன்னது முக்கியம். துணி, ஓலைச்சுவடி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ்தான் பொதுவான வரம்பு. ஒளியால் வெளுத்த சாயம் திரும்ப வராது. விளக்கு வரைபவர் அந்தப் பொருளை கிளிக் செய்தாலே '50' என்று கண்ணில் பட வேண்டும். இந்தத் தகவல்களை ஆட்டோகேடே அட்டவணையாக எடுத்துத் தரும் என்பதால், பொருட்பட்டியலைத் தனியே டைப் செய்கிற வேலையும், அதில் எண் மாறிப்போகிற ஆபத்தும் மிச்சம்.

தமிழில் தகவல் பலகை வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆட்டோகேடின் பழைய எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, கேள்விக்குறிகள்தான் வரும். யூனிகோட் எழுத்துரு போட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகிறதா என்று அச்சில் பார்க்க வேண்டும். அதைவிட நல்ல வழி, டிராயிங்கில் பலகையின் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, வாசகத்தை கிராஃபிக் டிசைனரின் ஃபைலில் வைப்பது. பலகையின் அளவைத் தீர்மானிக்கும்போது ஆங்கில வாசகத்தை வைத்து அளக்காதீங்க. அதே விஷயம் தமிழில் கூடுதல் இடம் கேட்கும். அப்புறம் எழுத்தைச் சுருக்கி, பாட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்க வேண்டியதாகிவிடும்.

கட்டடத்தின் தரைப்படத்தை உங்கள் ஃபைலுக்குள் காப்பி செய்யாமல் 'எக்ஸ்ரெஃப்' ஆக இணைப்பது, தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணும் தேதியும் கட்டாயம் போடுவது... இதெல்லாம் தெரிந்ததுதான். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமான ஃபைனல்' என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் மறுபடி நினைவூட்டலாம்.

எல்லாம் முடிந்ததும் டெம்ப்ளேட்டை சர்வரில் ஒரே இடத்தில் வைத்து, மாற்றும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்க. அதற்கு முன் ஒரு சோதனை. ஒரே ஒரு ஷோகேஸை அதில் வரைந்து, ஏ3 தாளில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, இந்த புராஜெக்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு தச்சரிடம் கொடுங்க. அவர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு முதலில் என்ன கேள்வி கேட்கிறாரோ, டெம்ப்ளேட்டில் விட்டுப்போனது அதுதான்.