மேட்டூர் நீர்மட்டமும் சென்செக்ஸும்

காவிரிப் படுகையில் ஆண்டின் வரவு செலவை முன்கூட்டிச் சொல்வது மேட்டூர் அணையின் நீர்மட்டம். வழக்கப்படி ஜூன் 12-இல் அணை திறந்தால் குறுவை உண்டு. மிகவும் தாமதித்தால் சம்பா மட்டுமே. தஞ்சாவூர் முதலீட்டாளர் இதே கணக்கைப் பங்குச்சந்தைக்கும் போடுவது பொருந்தாது.

2011-இல் அணை முன்னதாகவே, ஜூன் 6-இல் திறந்தது. அவ்வாண்டு சென்செக்ஸ் ஏறத்தாழ 25 விழுக்காடு சரிந்தது. 2012-இல் செப்டம்பர் வரை தண்ணீர் வரவில்லை. குறியீடோ ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தது. சென்செக்ஸின் 30 நிறுவனங்களில் நெல் பயிரிடுவது ஒன்றுமில்லையே! ரிசர்வ் வங்கியின் வட்டி உயர்வும் ஐரோப்பியக் கடன் நெருக்கடியும் 2011-இல் விலையை இறக்கின. வெளிநாட்டு முதலீடு மறு ஆண்டு ஏற்றியது.

நெல் விற்ற பணத்தை, அடுத்த சாகுபடிச் செலவுக்கு உரியதையும் சேர்த்துப் பங்கில் போட்டவர், 2011 போன்ற ஆண்டில் நட்டத்துக்கு விற்றுத்தான் நடவுக் கூலி கொடுக்க வேண்டும்.