க்ளிப் போடாத டாக்டருக்குக் கம்பி வளைக்கும் பாடம் எதற்கு?

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆர்த்தோ லேபுக்குள் எட்டிப் பார்த்தால், நகைப்பட்டறைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஆளுக்கு ஒரு குறடு, ஒரு துண்டு ஸ்டீல் கம்பி, முன்னால் ஒரு மாவுக்கல் பல் மாடல்.

கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் பக்கம் ஆர்.வி.எஸ்., குமாரபாளையம் ஜே.கே.கே. நடராஜா, திருச்செங்கோடு கே.எஸ்.ஆர். என்று நம்ம பக்கத்தில் எந்தக் கல்லூரியானாலும் பிடிஎஸ் என்பது 4 வருடம் படிப்பு, 1 வருடம் பயிற்சி. ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் சீரமைப்பு, கடைசி வருடத் தேர்வில் வரும். ஆனால் பல்லில் ஒட்டுகிற க்ளிப்பை பெரும்பாலும் போடுவது, அதற்கப்புறம் 3 வருடம் எம்டிஎஸ் முடித்தவர்கள். அப்புறம் எதுக்கு பிடிஎஸ் மாணவருக்கு இந்தக் கம்பி வேலை?

முதல் காரணம், விசை. கழற்றி மாட்டும் தட்டில் இரண்டு விதக் கம்பி உண்டு. கடைவாய்ப்பல்லைக் கவ்விப் பிடிக்கும் ஆடம்ஸ் கிளாஸ்ப் 0.7 மி.மீ. பல்லைத் தள்ளும் ஸ்பிரிங் 0.5 மி.மீ. வித்தியாசம் ரொம்பச் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு முனையில் பிடித்த கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அதே நீளத்தில் 0.7 போட்டால் கிட்டத்தட்ட 4 மடங்கு விசை. நீளத்தைப் பாதியாக்கினால் 8 மடங்கு. ஸ்பிரிங்கில் ஒரு சுருள் வைப்பதே, இருக்கிற இடத்துக்குள் கம்பியின் நீளத்தைக் கூட்டத்தான்.

விசை கூடினால் பல் சீக்கிரம் நகருமே என்று நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே கால் மி.மீ. அளவுக்கு ஒரு மெல்லிய திசு இருக்கு. லேசாக அழுத்தினால் ஒரு பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் வளரும்; பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகரும். ஓவராக அழுத்தினால் அந்தத் திசுவுக்கு ரத்தம் போகாது. பல் அப்படியே நின்றுவிடும், வேரே கரையவும் வாய்ப்புண்டு. இதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று, விரலால் உணர்வது வேறு. கம்பி வளைக்கும் பயிற்சி சொல்லித் தருவது இதைத்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: நேரம். ஒரு குழந்தையின் வாயை முதலில் பார்ப்பது ஸ்பெஷலிஸ்ட் இல்லை, கோபியிலோ பொள்ளாச்சியிலோ கிளினிக் வைத்திருக்கும் பிடிஎஸ் டாக்டர்தான். சொத்தையான பால் கடைவாய்ப்பல்லை 7 வயதில் பிடுங்கச் சொல்லி அழைத்து வருவார்கள். ‘பால்பல்தானுங்க, எப்படியும் விழப்போவுது’ என்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது பால் கடைவாய்ப்பல் இயல்பாக விழுவது 10-12 வயதில். 6 வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல், காலியான இடத்தில் முன்னால் சாய்ந்துவிடும். கீழே காத்திருக்கும் பல்லுக்கு வழி அடைபடும். பிடுங்கின கையோடு ‘ஸ்பேஸ் மெயின்டெய்னர்’ என்ற சின்னக் கம்பி வளையம் வைத்தால் பெரும்பாலும் இடம் காக்கப்படும். விட்டால், பின்னால் பல்லைப் பிடுங்கி, வருடக்கணக்கில் க்ளிப் மாட்ட வேண்டி வரலாம்.

இங்கேதான் பயிற்சியின் பலவீனமும் இருக்கு. மாணவர் ஆர்த்தோ பிரிவில் இருப்பது சில வாரங்கள். ஒரு சிகிச்சை முடிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். தொடங்கின கேஸ் முடிவதை அவர் பார்ப்பதே அபூர்வம். கோட் எழுதினவன் அது ஓடுவதைப் பார்க்காத மாதிரி. கம்பி வளைவுக்கு மார்க் போடுவது சுலபம். ‘இந்தப் பிள்ளையை இப்பவே அனுப்பணும், அந்தப் பிள்ளைக்குக் காத்திருக்கலாம்’ என்ற கணிப்புக்கு மார்க் போடுவது கஷ்டம். ஆனால் ஊருக்கு வேண்டியது அந்தக் கணிப்புதான். பழைய நோயாளிகளின் மாடல்களை, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வரிசையாக வைத்துப் பேசவைத்தாலே பாதிக் குறை தீரும்.

பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. தெத்துப்பல் தெரிகிறதோ இல்லையோ, காட்டுங்க. பால்பல்லைப் பிடுங்க வேண்டி வந்தால், ‘இடம் பிடிச்சு வைக்கணுமாங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்க.