சில்லுனு ஒரு டீம்!

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் டீமை ஒரு நிமிஷம் கண் முன்னாடி கொண்டு வாங்க. ஒருத்தர் சர்க்யூட் போடுவார், ஒருத்தர் புரோகிராம் எழுதுவார், ஒருத்தர் ரிப்போர்ட் அடிப்பார், நாலாவது ஆள் டீ வாங்கிட்டு வருவார். இதுக்கே ரிவ்யூ வர்றதுக்குள்ள நாலு சண்டை! அதே டீம்ல எழுபது, எண்பது பேர். அவங்க செய்யுற சிப், விண்வெளியைவிட ஜில்லுனு இருக்குற டப்பாவுக்குள்ள ஓடணும். அந்த டீமுக்கு நீங்கதான் லீடர்னா?

ஜான் மார்டினிஸ் அப்படி ஒரு குவான்டம் டீமை நடத்தினவர். 2025-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர்.

கதை 1980-களில், அமெரிக்காவின் பெர்க்லியில் ஆரம்பிக்குது. ஜான் கிளார்க் புரொஃபசர், மிஷெல் டெவோரே ஆராய்ச்சியாளர், மார்டினிஸ் நம்மளை மாதிரி ஸ்டூடன்ட். அணுவுக்குள் நடக்கும் குவான்டம் விளையாட்டு, கையில் எடுக்கிற சைஸ் சர்க்யூட்டிலும் நடக்குமா? நடக்கும்னு நிரூபிச்சாங்க. அதுக்கு முதல்ல, ஒயர் வழியா உள்ளே நுழையும் இரைச்சலைத் தடுக்கணும். செப்புத் தூளை அடைச்சு ஃபில்டர் செஞ்சாங்க. ஆமாங்க, நோபலுக்குப் பின்னாடி ஒரு ஃபில்டர் வேலையும் இருக்கு!

2014-ல் மார்டினிஸ் தன் டீமோடு கூகுளுக்குப் போனார். அங்கே லீடரின் தலைவலி என்ன தெரியுமா? பஞ்சாயத்து! சிப்பை 0.02 கெல்வினுக்கும் கீழே குளிர வைக்கணும். ஃப்ரிட்ஜ் பார்க்குறவர், 'ஒயரைக் குறைங்க, சூடு உள்ளே வருது' என்பார். கன்ட்ரோல் பார்க்குறவர், 'ஒயர் இல்லாம எப்படி சிக்னல் அனுப்புறது?' என்பார். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கணும்னு கணக்குப் போடுறதுதான் லீடர் வேலை.

அந்தக் கணக்கு ரொம்பக் கறார். ஒவ்வொரு ஸ்டெப்பும் நூத்துக்கு 99 தடவை சரியா நடக்குதுனு வெச்சுக்கங்க. 50 ஸ்டெப் வரிசையா ஓடினா, கடைசியில் தப்பே இல்லாம வர்றது சுமார் 60 தடவைதான். ஒரே ஒரு சூப்பர் ஸ்டார் போதாது, எல்லாருமே 99-ஐத் தாண்டணும்.

2019-ல் வந்தது 'சைகமோர்' சிப். மொத்தம் 54 க்யூபிட், அதுல ஒண்ணு மக்கர். மிச்சம் 53-ஐ வெச்சே ஜெயிச்சாங்க. சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 வருஷம் ஆகும்னு அவங்க சொன்ன கணக்கை 200 விநாடியில் முடிச்சாங்க. 'இல்லை, ரெண்டரை நாள் போதும்'னு ஐ.பி.எம். மல்லுக்கு நின்றது தனிக்கதை. அந்தக் கட்டுரையில் எழுபதுக்கும் மேல பேர்கள், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி அகரவரிசையில். மார்டினிஸ் பேர்? கடைசியில்!

அதுக்கப்புறம்தான் ட்விஸ்ட். கருத்து வேறுபாடு. லீடரா இருந்தவர் ஆலோசகர் ஆக்கப்பட்டார். 2020-ல் கூகுளை விட்டே கிளம்பிட்டார். சிப்புக்குள் இருந்த இரைச்சலை அடக்கினவருக்கும் மனுஷங்களுக்குள் வர்ற இரைச்சல் கஷ்டமான பேப்பர்தான்.

ஆனா, டீம் கலையலை. 2024-ல் 105 க்யூபிட்டோட 'வில்லோ' வந்தது. பிழை திருத்த அதிக க்யூபிட்டைச் சேர்க்கச் சேர்க்க, பிழை குறையுதுனு காட்டினாங்க. அப்போ ஹார்டுவேர் டைரக்டர் ஜூலியன் கெல்லி, மார்டினிஸின் மாணவர். லீடரோட உண்மையான மார்க் ஷீட், அவர் கிளம்பின பிறகுதான் வரும்போல!

'நான் மெக்கானிக்கல் பாஸ், எனக்கெதுக்கு குவான்டம்?' என்று பக்கத்தைப் புரட்டாதீங்க. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கல் ஏரியா, மைக்ரோவேவ் சிக்னல் இ.சி.இ. ஏரியா. 2023-ல் மத்திய அரசு 6,003 கோடி ரூபாயில் தேசிய குவான்டம் திட்டத்தை அறிவிச்சுது. அதன் தகவல் தொடர்பு மையம் நம்ம சென்னை ஐ.ஐ.டி-யில், கம்ப்யூட்டிங் மையம் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யில்.

லீடர் ஆகிற பயிற்சியை இன்னிக்கே ஆரம்பிக்கலாம். டீ வாங்கிட்டு வர்ற அந்த நாலாவது ஆளைக் கூப்பிட்டு, 'உனக்கு இதுல எது புரியலை?'னு கேளுங்க. உங்க டீமோட 99 அங்கேதான் மாட்டிக்கிட்டிருக்கு!